பழைய சேலையில் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை சட்டை: அளவெடுப்பதில் இருந்து சுருக்குப் பை வரை

தீபாவளிக்குப் பட்டுப் பாவாடை உடுத்திய பிள்ளை, கோயில் வாசலை எட்டுவதற்குள் "அரிக்குதும்மா, கழட்டி விடுங்க" என்று அழுதால், குறை பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் இருக்கும். ஜரிகை முனை அக்குளில் குத்தும். லைனிங் துணி வியர்வையை உறிஞ்சாது. நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் பெரியவர்களே பட்டுக்குள் வெந்துபோகிறோம். பிள்ளையின் உடம்பில் எது படுகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, வெளியே தெரியும் அழகை அதன் மேல் ஏற்றுவதுதான் சரியான வரிசை. தையல் வகுப்புக்குப் புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பட்டை முதலில் வெட்டிவிட்டு, லைனிங்கைப் பற்றிக் கடைசியில் யோசிக்கிறார்கள்.

5 வயதுப் பெண் குழந்தையை வைத்து அளவுகளைச் சொல்கிறேன்: மார்பு 23 இன்ச், இடுப்பு 22 இன்ச், இடுப்பில் இருந்து கணுக்கால் வரை 24 இன்ச். உங்கள் பிள்ளையின் அளவு வேறாக இருந்தால் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சேலை ஒன்று. 44 இன்ச் அகலமுள்ள மெல்லிய பருத்தி, கேம்ப்ரிக் அல்லது மல்மல், 2 மீட்டர். சேலைக்குப் பொருத்தமான நூல், பருத்திக்கு வெள்ளை நூல். 9 அல்லது 11 எண் மிஷின் ஊசி, புதியது. 14 எண் ஊசி பட்டில் ஓட்டை போட்டுவிடும், அந்த ஓட்டை மறையாது. மெல்லிய குண்டூசி, மார்க்கிங் சாக், இன்ச் டேப், தையல் பிரிக்கும் சீம் ரிப்பர், தட்டையான பிரஸ் பட்டன், சட்டைக்குச் சிறிய தட்டைப் பொத்தான். இரண்டு கத்தரிக்கோல் வேண்டும்: ஒன்று துணிக்கு மட்டும், மற்றது காகிதத்துக்கு. காகிதம் வெட்டிய கத்தரிக்கோல் பட்டை மென்றுவிடும்.

துணிக்குத் தேக்கா சென்டர் மாடி, அரப் ஸ்திரீட், சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் எல்லாமே சரி. நூல், ஊசி, பட்டன் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமானால் பிளாசா சிங்கப்பூராவில் இருக்கும் ஸ்பாட்லைட் கடை. சொல்லும் விலை மீட்டருக்கா கெஜத்துக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கெஜம் 91 செ.மீ. சொச்சம்தான். லைனிங் வாங்கும்போது அந்தக் குறைச்சல் உங்களை இரண்டாம் முறை கடைக்கு அனுப்பும்.

இந்தியாவில் இருந்து மிஷின் கொண்டுவந்தவர்களுக்குப் பிளக்கை மாற்றினால் போதும். இங்கும் இந்தியாவிலும் 230 வோல்ட்தான். அமெரிக்காவில் வாங்கிய மிஷினை நேராகச் செருகிவிடாதீர்கள், மோட்டார் எரிந்துபோகும்.

2. சேலையைச் சோதியுங்கள்

நல்ல நிறமாக இருக்கிறதே என்று உடனே வெட்டத் தொடங்காதீர்கள். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். சேலையைச் சன்னலில் பிடித்து வெளிச்சம் வழியாகப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் நூல் இடைவெளி தெரிந்தால், அந்த இடத்தை இரு கை கட்டைவிரலாலும் மெதுவாக இழுங்கள். 'சர்' என்று சத்தம் வந்தால் அந்தப் பகுதி பாவாடைக்கு ஆகாது. சாக்கால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் சேலையின் உள்முனையைத் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அந்தச் சேலைக்கு வெள்ளை லைனிங் வேண்டாம், அதே நிறத்தில் எடுங்கள். வியர்வையில் சாயம் இறங்கும். வெள்ளை லைனிங்கில் அது திட்டுத் திட்டாகத் தெரியும்.

பட்டில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடாதீர்கள், துளி விழுந்த இடம் கறையாக நிற்கும். மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் உலர்வாகத் தேயுங்கள்.

3. பருத்தியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டக் கூடாது

கடைத்துணியில் கஞ்சி இருக்கும், அதோடு முதல் நனைப்பில் பருத்தி சுருங்கவும் செய்யும். நனைக்காமல் தைத்தால், முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி வெளிப்பட்டை மேலே இழுக்கும். பாவாடை விளிம்பு வில்லாய் வளைந்து நிற்கும். பிறகு எந்த இஸ்திரியும் அதைச் சரி செய்யாது.

இரவு வெறும் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் முறுக்காமல் பிழிந்து உலர்த்துங்கள். தீபாவளி நெருங்கும் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம், வீவக அடுக்குமாடி வீட்டுக் கம்பில் போட்ட துணி மாலைவரை ஈரமாகவே இருக்கும். இந்த வேலைக்கு மட்டும் தனியாக ஒருநாள் விடுங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரிந்தால் துணி இன்னும் காயவில்லை. ஈரத்தோடு வெட்டினால் அளவு தவறும். சேலைக்கு ஃபால் வைப்பதற்கான பருத்திப் பட்டையையும் கூடவே நனைத்துவிடுங்கள். அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

4. அளவெடுத்தல்

பிள்ளை மெல்லிய பனியனோடு இருக்கும்போது அளவெடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இடுப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஓர் எலாஸ்டிக்கை வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பக்கவாட்டில் குனியச் சொல்லுங்கள், எலாஸ்டிக் தானாக இடுப்பில் போய் நிற்கும். அதுதான் உங்கள் கோடு. அங்கிருந்து மேலே தோள்வரை, கீழே கணுக்கால்வரை அளக்க வேண்டும்.

மார்புச் சுற்றை எடுக்கும்போது டேப்புக்குள் இரண்டு விரல் நுழையட்டும். பிறகு மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். தலைச் சுற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் 20 இன்ச் அளவில் இருக்கும். கழுத்து வளைவும் பின் திறப்பும் சேர்ந்து அந்தத் தலைக்கு வழிவிட வேண்டும்.

பிள்ளை நிற்கமாட்டேன் என்றால் அதன் உடுப்பை வைத்து அளக்கலாம். ஆனால் டீ-சட்டையை வைத்து அளக்காதீர்கள். பின்னல் துணி இழுக்க இழுக்க வரும், பட்டு ஒரு நூல்கூட வராது. பொத்தான் வைத்த பள்ளிச் சீருடைச் சட்டை இருந்தால் அதை எடுங்கள்.

5. காகித வெட்டு

பழைய செய்தித்தாளில் வெட்டுவது எல்லோருக்கும் பழக்கம். பட்டு வேலைக்கு அது வேண்டாம், அச்சு மை ஒட்டும். பெரிய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் இதற்குப் பொருத்தம்.

இரண்டு உடுப்பு தைக்கப் போகிறோம். ஒன்று பாடி வைத்த பாவாடை: கையில்லாத பருத்தி மேல்பாடியில் இருந்து பட்டுப் பாவாடை தொங்கும். மற்றது அதன்மேல் போடும் சட்டை. எலாஸ்டிக் வைத்த பாவாடையைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இந்த வயதில் வயிறும் இடுப்பும் ஒரே சுற்றுதான். கனமான பட்டு இறங்கிக்கொண்டே இருக்கும், பிள்ளையும் நாள் முழுக்க அதை ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். பாடி வைத்தால் பாரம் தோளில் நிற்கும், மேலுடம்பில் பருத்தி மட்டுமே படும்.

பாடியின் கால் பங்கு அகலம்: மார்பு 23ஐ நான்கால் வகுத்தால் 5¾. அதோடு தளர்வுக்கு ¾, தையலுக்கு ½. மொத்தம் 7 இன்ச். உயரம்: தோளில் இருந்து இடுப்பு 10, டக் (பிள்ளை வளர்ந்ததும் பிரித்துவிடும் மடிப்பு) வைக்க 2, மேலும் கீழும் தையலுக்கு 1. மொத்தம் 13. பின்பக்கம் இரண்டு துண்டாக வரும். ஒவ்வொன்றிலும் நடுவில் பொத்தான் பட்டிக்கு 1½ இன்ச் கூடுதலாக விடுங்கள்.

சட்டையின் கால் பங்கு: 5¾, தளர்வு 1, தையல் ¾, மொத்தம் 7½. நீளம் 13, கீழ் மடிப்புக்கு 1½. தோள் பாதி 5, கை வளைவு ஆழம் 5½, கழுத்து அகலம் பாதி 2¼, முன்கழுத்து ஆழம் 3, பின்கழுத்து 1½. இங்கும் பின்பக்கம் இரண்டு துண்டு, பட்டிக்குத் தனி விடுகை. கை வளைவுகள் உள்ளே விழும்படி, பாடியின் தோளைச் சட்டையைவிட ¾ இன்ச் குறைவாக வையுங்கள். பாடியின் கழுத்தைச் சட்டையைவிட ½ இன்ச் அகலமாக வெட்டுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் பருத்தி சட்டைக்கு வெளியே எட்டிப்பார்க்கும்.

கழுத்தை எப்போதும் சிறியதாகவே வெட்டுங்கள். சிறிய கழுத்தைப் பெரிதாக்க ஒரு நிமிடம் போதும். பெரிதாக வெட்டியதைச் சுருக்க வழியே இல்லை. வகுப்பில் வீணாகும் சட்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் வீணாகின்றன.

6. வெட்டும் வரிசை

முதலில் பருத்தியில் பாடி. அதை ஓட்டுத் தையலில் இணைத்துப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்துத் திருத்தி, அந்தத் திருத்தத்தைக் காகிதத்திலும் மாற்றிய பிறகே பட்டில் கை வைக்க வேண்டும். 2 மீட்டர் பருத்தி போனால் திரும்ப வாங்கலாம், அம்மாவின் கல்யாணச் சேலையை வாங்க முடியாது.

சேலையில் பாவாடைக்குக் கீழ்க்கரையை ஒட்டி 80 இன்ச் நீளமும், கரை முனையில் இருந்து மேலாக 25 இன்ச் உயரமும் எடுங்கள். சேலையின் அகலம் 45 இன்ச் அளவில் இருக்கும். அதனால் மேலே மற்றக் கரையோடு 20 இன்ச் மிஞ்சும். சட்டையும் கையும் அதிலேயே வந்துவிடும். கையின் விளிம்பு கரையில் படும்படி காகிதத்தை வைத்தால், பாவாடைக் கரையும் கைக் கரையும் ஒத்துப்போகும்.

கை இரண்டையும் துணியின் நல்லபக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி மடித்து ஒரே தடவையில் வெட்டுங்கள். தனித்தனியாக வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாக வந்து நிற்கும். பட்டில் கரை வேறு இருப்பதால் திருப்பிப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது.

லைனிங்: பாவாடைக்கு 44 இன்ச் முழு அகலத்தையும் சுற்றளவாகவும், 24 இன்ச் உயரமாகவும் எடுங்கள். கீழ் மடிப்பும் மேல் தையலும் போக, பட்டைவிட 1 இன்ச்சுக்கு மேல் குறைவாக நிற்கும். சட்டைக்கும் முன், பின் துண்டுகளைப் பருத்தியில் ஒரு படி வெட்டுங்கள். கைக்கு லைனிங் வேண்டாம், காற்று போகட்டும்.

7. பாடி

தோள்களை இணையுங்கள். கழுத்துக்கும் கை வளைவுக்கும் அதே பருத்தியில் குறுக்காக வெட்டிய கிராஸ் பட்டி 1¼ இன்ச் அகலத்தில் வைத்து உள்ளே மடித்துத் தையுங்கள். நேர் இழையில் வெட்டிய பட்டி வளைவில் படியாது, சுருங்கிக்கொண்டு நிற்கும்.

பக்கத் தையலுக்கு ஓவர்லாக் மிஷின் தேவையில்லை. துணியின் தவறான பக்கங்களை, அதாவது உள்ளே போக வேண்டிய பக்கங்களை, சேர்த்து ¼ இன்ச்சில் ஒரு தையல் போட்டு, பிசிறை வெட்டிவிட்டு, உள்பக்கம் திருப்பி மறுபடி ஒரு தையல் போடுங்கள். பிசிறு முழுவதும் தையலுக்குள் அடைந்துவிடும். பிள்ளையின் விலாவில் எதுவும் உரசாது.

அடுத்து டக். இடுப்புக் கோட்டுக்கு மேல் பாடியைச் சுற்றி 1 இன்ச் ஆழத்தில் ஒரு மடிப்பு மடித்து, நீளமான 4 மி.மீ. தையலால் பிடியுங்கள். இது 2 இன்ச் உயரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். பிள்ளை வளர்ந்ததும் தையலைப் பிரித்துவிட்டால் பாவாடை முழுவதும் 2 இன்ச் இறங்கும். வழக்கமாகப் பாவாடையின் கீழ்ப்பகுதியில், பட்டிலேயே டக் வைப்பார்கள். அதைப் பிரித்தால் ஊசி ஓட்டை வரிசையாகத் தெரியும், மடிப்பின் சாயக்கோடும் போகாது. பாடியில் வைத்தால் சட்டை மறைத்துவிடும். இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். அது முழுவதும் காலில் ஏறுவதில்லை என்பதால், இந்த விடுகை ஓராண்டுக்கு மேல் தாங்கும்.

8. பாவாடையை மடித்து இணைத்தல்

கரையின் உள்பக்கம் ஃபால் வைத்துக் கையால் தையுங்கள். சேலைக் கரை பிசிறாது என்றாலும், பிள்ளை ஓடும்போது காலில் மிதிபட்டு ஜரிகை அறும். ஃபால் அதைத் தாங்கும், துணிக்கும் ஒரு தொங்கல் தரும்.

பின்னால் நடுவில் இணைப்பு வரட்டும். மேலிருந்து 4 இன்ச் இணைக்காமல் திறந்து விடுங்கள். பாடியின் பின் திறப்பு அதோடு சேரும். இந்தத் திறப்பை மறந்தால் பாவாடை தோளைத் தாண்டி இறங்காது.

இப்போது மடிப்பு. பட்டைச் சுருக்கினால் இடுப்பில் மூட்டையாக நிற்கும், அதனால் மடிப்பாக வையுங்கள். பாடியின் கீழ்ச்சுற்று 26 இன்ச். வெளியே 1 இன்ச் தெரிய, உள்ளே 2 இன்ச் போக, ஒரு மடிப்புக்கு 3 இன்ச் துணி. 26 மடிப்புக்கு 78 இன்ச். மீதி 2 இன்ச் பின் இணைப்புக்கும் பட்டி ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்துக்கும். சாக்கால் 3 இன்ச்சுக்கு ஒரு கோடு போட்டு, எல்லா மடிப்பும் ஒரே திசையில் பார்க்கும்படி குண்டூசியால் பிடித்து, ஓட்டுத் தையல் போட்ட பிறகு மிஷினுக்குப் போங்கள். குண்டூசியோடு மிஷினில் ஓட்டுவது ஊசியை முறிக்கும். முறிந்த துண்டு மடிப்புக்குள் மறைந்தும்போகும். அப்படி முறிந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேடாமல் அந்த உடுப்பைப் பிள்ளைக்குப் போடாதீர்கள்.

லைனிங்கை வெறும் சுருக்கு வைத்துப் பட்டோடு மேலே மட்டும் இணையுங்கள். லைனிங்கின் பின் இணைப்பிலும் அதே 4 இன்ச் திறந்திருக்க வேண்டும். கீழே இரண்டும் தனித்தனியாகத் தொங்கட்டும். கீழும் சேர்த்துத் தைத்தால் பட்டு உப்பி நிற்கும்.

பாவாடையை விரிக்க நைலான் வலை வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வலை கீறும், காற்றை அடைக்கும். அதைவிட முக்கியம், தீபாவளியன்று பிள்ளைகள் விளக்குக்கும் மத்தாப்புக்கும் பக்கத்தில் நிற்கிறார்கள். நைலான் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அதற்காகப் பருத்தி தீப்பிடிக்காது என்று எண்ண வேண்டாம், பக்கத்தில் ஆள் நிற்கத்தான் வேண்டும்.

நீளத்தைக் கணுக்கால் எலும்புக்கு மேலேயே நிறுத்துங்கள். தரையைத் தொடும் பாவாடை படத்தில் நன்றாக இருக்கும். எம்ஆர்டி ரயில் நிலையத்து மின்படியில் விளிம்பு சிக்கினால் ஆபத்து.

9. சட்டை

பட்டையும் பருத்தியையும் ஒரே துண்டாக எண்ணிக் கழுத்தில் இருந்து தொடங்குங்கள். இரண்டின் தோள்களையும் தனித்தனியாக இணைத்து, நல்லபக்கங்கள் சேர்ந்திருக்கக் கழுத்தையும் பின் திறப்பையும் தைத்து, வளைவில் ½ இன்ச்சுக்கு ஒரு வெட்டு கொடுத்துத் திருப்புங்கள். வெட்டு தையலைத் தொடக் கூடாது, தொடாமல் அருகில் வர வேண்டும். இந்த வெட்டு இல்லாத கழுத்து எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படியாது.

பிறகு கை. கையைத் தட்டையாக, பக்கம் இணைக்கும் முன்பே கை வளைவில் பொருத்துங்கள். சிறிய வளைவில் குழாயாக்கிய கையைப் பொருத்துவது கை தேர்ந்தவர்களுக்கே சிரமம். பஃப் வேண்டுமானால் சுருக்கை மேலே, தோளை ஒட்டிய பகுதியில் மட்டும் வையுங்கள். அக்குளில் சுருக்கு வந்தால் அங்கேதான் வியர்க்கும், அங்கேதான் புண்ணாகும். கை இணைத்த தையலின் மேல் மல்மல் கிராஸ் பட்டி சுற்றி ஜரிகைப் பிசிறை மூடுங்கள். கை விளிம்பிலும் ஜரிகையின் பின்பக்கத்தில் மெல்லிய பருத்திப் பட்டை வையுங்கள்.

கடைசியாகப் பக்கம், கீழ் மடிப்பு, பின்பக்கம் பொத்தான். பாடிக்குப் பிரஸ் பட்டன் போதும். கொக்கி முதுகைக் கீறும். கழுத்தில் முடிச்சுப் போடும் கயிறும் குஞ்சமும் 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டாம். விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். குழந்தை உடுப்புக்கான ஐரோப்பியத் தர விதியும் இதைத் தடுக்கிறது. 3 வயதுக்குக் கீழே என்றால் முத்து, கண்ணாடி, கல் எதுவும் ஒட்டவோ தைக்கவோ வேண்டாம். பிய்த்து வாயில் போடுவார்கள்.

10. கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள்

இரண்டு உடுப்பையும் உள்பக்கம் வெளியே திருப்புங்கள். ஒவ்வொரு தையலையும் உங்கள் கன்னத்தில் மெதுவாக இழுங்கள். விரலுக்குத் தெரியாத நூல் முனை கன்னத்துக்குத் தெரியும். எங்கே குத்துகிறதோ அங்கே நூலை வெட்டுங்கள் அல்லது பட்டி போட்டு மூடுங்கள். பிறகு பிள்ளைக்குப் போட்டு, கையைத் தூக்கவும், சப்பணம் போட்டு உட்காரவும், ஓடவும் சொல்லுங்கள். இதைப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பாவது செய்துவிட வேண்டும். பள்ளியில் இன நல்லிணக்க நாளுக்கு, அதாவது ஜூலை 21க்கு என்று தைப்பவர்களுக்கும் அதே கணக்குதான். அன்று பிள்ளை அரை நாள் அந்த உடுப்பிலேயே இருக்கும், தனியாகக் கழிப்பறைக்கும் போக வேண்டும். பாவாடையைத் தானே தூக்கிப் பிடிக்க முடிகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பழக்கிவிடுங்கள்.

போட்டுக் கழற்றியதும் மடித்து வைக்காதீர்கள். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு ஆறவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் போனால் இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், ஜரிகையும் கறுக்கும்.

11. மிஞ்சிய துண்டில் சுருக்குப் பையும் தலைமுடி வளையமும்

தலைமுடி வளையத்துக்கு 18 இன்ச் நீளம், 3½ இன்ச் அகலத்தில் ஒரு துண்டு. நல்லபக்கம் உள்ளே இருக்க மடித்துக் குழாயாகத் தைத்து, ஊக்கைக் கட்டி வெளியே திருப்புங்கள். 7 இன்ச் எலாஸ்டிக்கை அதே ஊக்கால் நுழைத்து முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தையுங்கள். முடிச்சு போட்டால் தலையில் உறுத்தும்.

சுருக்குப் பைக்கு 7க்கு 9 இன்ச் பட்டு இரண்டு, அதே அளவில் பருத்தி இரண்டு. பட்டையும் பருத்தியையும் வாய்ப்பக்கத்தில் இணைத்து விரித்து, இரண்டு ஜோடியையும் நல்லபக்கங்கள் சேரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுற்றிலும் தையுங்கள். மூன்று இடத்தை விட்டுவிட வேண்டும். பட்டுப் பகுதியின் இரு பக்கத் தையலிலும் வாயில் இருந்து 1½ இன்ச் கீழே ½ இன்ச் இடைவெளி, நாடா நுழைய. பருத்தி அடியில் 3 இன்ச், திருப்புவதற்கு. நாடா இடைவெளியை விட மறந்து முழுவதும் தைத்துவிடுவது எல்லோருக்கும் நடக்கும், அதனால் தைக்கும் முன்பே சாக்கால் குறியிடுங்கள். திருப்பிய பிறகு அடியை மூடி, பருத்தியை உள்ளே தள்ளி, இடைவெளியின் மேலும் கீழும் பையைச் சுற்றி இரண்டு வரித் தையல் போட்டால் நாடா ஓடும் பாதை வரும். நாடா இரண்டு, எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்று. இரண்டையும் இழுத்தால் வாய் மூடும். நாடாவின் நீளம் பை வாய் முழுதாக விரியும் அளவுக்கு மேல் கைப்பிடிக்க 2 இன்ச் இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் பிள்ளை கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பார்க்கும்.